கடையும் ஒரு கல்விதான்

(நமது அறக்கட்டளை நடத்திய மாணவர் கல்வி வழிகாட்டிக் கூட்டத்தில் செயலாளர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

வருடா வருடம் இந்தக் கூட்டத்தில் மருத்துவம், பொறியியல், சட்டம், ஆசிரியர் பணி, அரசுத் தேர்வுகள் என்று பேசி வருகிறோம். இன்று நான் கடையைப் பற்றிப் பேசப்போகிறேன். கடை வைப்பதற்கு நம் ஆட்கள் யாரிடமும் பாடம் கேட்க வேண்டியதில்லை. இங்கே உட்கார்ந்திருப்பவர்களில் பாதிப் பேராவது மளிகை, ஜவுளி, செருப்பு, பாத்திரம், மருந்து என்று ஏதாவது ஒரு கடையை நம்பிச் சாப்பிடுகிறவர்கள்தான். வளைகுடாவில் இருக்கும் நம் பிள்ளைகளிலும் எத்தனையோ பேர் சூப்பர் மார்க்கெட்டில் நின்று சம்பாதிக்கிறார்கள்.

நான் சொல்ல வந்தது வேறு. ஒரு கடை எப்படி நடக்கிறது, சரக்கு எந்த வழியாக வந்து அலமாரியில் ஏறுகிறது, எங்கே தேங்குகிறது, எங்கே தொலைகிறது என்பதையே பாடமாகப் படித்து, அதிலேயே ஆராய்ச்சி செய்து, டாக்டர் பட்டம் வாங்கி, பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக ஆகலாம். ரீடெயில் ஆபரேஷன்ஸ், சப்ளை செயின் மேனேஜ்மெண்ட் என்று இந்தத் துறைக்குப் பெயர். சில்லறை வணிக இயக்கம், விநியோகச் சங்கிலி மேலாண்மை என்று தமிழில் சொல்லலாம்.

இதை ஏன் இன்று எடுத்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். பெருமையாகச் சொல்லக்கூடிய காரணம் இல்லை அது.

சில வருடங்களுக்கு முன்னால் நம் கல்விக் குழுவுக்கு ஒரு விண்ணப்பம் வந்தது. ஜவுளிக்கடை ஒன்றில் சேல்ஸ்மேனாக இருக்கும் ஒரு சகோதரரின் மகள். புள்ளியியலில் பட்டம், அதன்பின் எம்.பி.ஏ. வெளியூரில் ஒரு மேலாண்மைக் கல்வி நிறுவனத்தில் இந்தத் துறையில் பி.எச்.டி. படிக்க இடம் கிடைத்திருந்தது. கட்டணம் கிடையாது. முதல் உதவித்தொகை கைக்கு வரும்வரை பயணத்துக்கும் விடுதி முன்பணத்துக்கும் ஒரு மடிக்கணினிக்கும் கடனாகப் பணம் கேட்டிருந்தாள்.

நம் விதியில் அப்போது நான்கு படிப்புகள்தான் இருந்தன. மருத்துவம், பொறியியல், சட்டம், ஆசிரியர் பயிற்சி. விண்ணப்பத்தைப் படித்துவிட்டு, "கடை நடத்துவதற்கு டாக்டர் பட்டமாம்மா?" என்று கேட்டது நான்தான். குழுவில் எல்லோரும் சிரித்தோம். பிள்ளை சிரிக்கவில்லை. பக்கத்தில் நின்ற அவளுடைய வாப்பா, "சரிங்க பாய், நீங்க பார்த்துச் சொல்லுங்க" என்று மகளைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். நாங்கள் பார்த்துச் சொல்வதற்குள் அவள் சேர வேண்டிய தேதி கடந்துவிட்டது. ஒரு முழு வருடம் அந்தப் பிள்ளைக்குப் போயிற்று.

மறு வருடம் மறுபடி எழுதி, மறுபடி இடம் வாங்கி, சொந்தக்காரர்கள் உதவியோடு போய்ச் சேர்ந்தாள். போகும் முன்பு என் வீட்டுக்கு வந்தாள். கோபமாக ஒரு வார்த்தை பேசவில்லை. ஒரு புத்தகத்தைக் கொடுத்து, "மாமா, நேரம் கிடைச்சா படிச்சுப் பாருங்க. நம்ம கடையைப் பத்தித்தான்" என்றாள். ஆங்கிலப் புத்தகம். அகராதியை வைத்துக்கொண்டு ஒரு மாதம் படித்தேன். பிறகு அவளிடமே கேட்டு மற்றதையும் தெரிந்துகொண்டேன். அதைத்தான் இன்று உங்களுக்குச் சொல்கிறேன்.

இருந்தும் இல்லாத சரக்கு

முதலில் என் வாப்பாவின் மளிகைக் கடையில் நடந்த ஒன்று. நான் மதரஸாவில் ஓதி முடித்து, கல்லூரியில் பி.காம். படித்துக்கொண்டிருந்த காலம். லீவு நாட்களில் கல்லாவில் உட்காருவேன். பெருநாளைக்கு முந்தைய நாள் ஒருவர் பத்துப் பாக்கெட் சேமியா கேட்டார். அலமாரியைப் பார்த்தேன், இல்லை. தீர்ந்துவிட்டது என்றேன். அவர் எதிர்க்கடைக்குப் போனார். சேமியாவோடு மற்ற சாமான்களையும் அங்கேயே வாங்கிக்கொண்டு போனார். இரவு கடை அடைக்கும்போது அரிசி மூட்டைக்குப் பின்னால் ஒரு பெட்டி சேமியா பிரிக்காமல் இருந்தது. வாப்பா என்னைத் திட்டவில்லை. "இல்லாத சரக்கால வர்ற நஷ்டத்தைவிட, இருந்தும் தெரியாத சரக்கால வர்ற நஷ்டம் பெருசுடா" என்று மட்டும் சொன்னார்கள்.

அமெரிக்காவில் ஹார்வர்டு பிசினஸ் ஸ்கூலில் அனந்த் ராமன் என்ற பேராசிரியர் இருக்கிறார். அவரும், அவரோடு சேர்ந்து ஆராய்ச்சி செய்த நிக்கோல் டிஹோரேஷியஸ், ஸெய்னெப் டோன் என்ற இரண்டு பெண்களும் பல வருடம் ஆராய்ந்த விஷயம் இந்தச் சேமியாப் பெட்டிதான் என்று சொன்னால் நம்புவீர்களா? பெரிய கடைகளில் எல்லாமே கம்ப்யூட்டர். பில் போட்டால் கணக்கு குறையும், லாரி வந்தால் கணக்கு ஏறும். ஆகவே கணக்கு சரியாகத்தான் இருக்கும் என்று எல்லோரும் நினைத்திருந்தார்கள். ராமனும் டிஹோரேஷியஸும் ஒரு பெரிய நிறுவனத்தின் 37 கடைகளில் சுமார் 3,70,000 சரக்குப் பதிவுகளை எடுத்து, கம்ப்யூட்டரில் உள்ள எண்ணிக்கையையும் கடையில் உண்மையில் இருந்த எண்ணிக்கையையும் ஒப்பிட்டார்கள். 65 சதவீதப் பதிவுகள் தவறு. அந்த ஆய்வு 2008-இல் வெளிவந்தது.

ஏன் தவறு வருகிறது? கல்லாவில் நிற்பவர் அவசரத்தில் இரண்டு வகை சோப்பில் ஒன்றையே இரண்டு முறை ஸ்கேன் செய்கிறார். ஒன்றின் கணக்கு கூடுதலாகக் குறைகிறது, மற்றதன் கணக்கு குறையவே இல்லை. லாரியில் வந்ததைச் சரிபார்க்காமல் கையெழுத்துப் போடுகிறார்கள். உடைந்தது, திருடுபோனது எதுவும் பதிவாவதில்லை. அதன் விளைவைப் பாருங்கள். அலமாரி காலியாக இருக்கிறது. கம்ப்யூட்டரோ மூன்று இருக்கிறது என்கிறது. மூன்று இருப்பதாக நினைப்பதால் அது புதிதாக ஆர்டர் போடுவதும் இல்லை. யாராவது ஒருவர் கண்ணால் பார்த்துச் சொல்லும்வரை அந்தச் சரக்கு அந்தக் கடைக்கு வரவே வராது.

அவர்கள் பார்த்த இன்னொரு நிறுவனத்தில் வாடிக்கையாளர் தேடியும் எடுக்க முடியாத பொருட்கள் 16 சதவீதம். கடைக்குள்ளேயேதான் இருந்தன, குடோனிலோ, தவறான அலமாரியிலோ. கப்பலில் கடல் தாண்டி, துறைமுகம் தாண்டி, லாரியில் ஊர் ஊராக வந்த சரக்கு, குடோனுக்கும் அலமாரிக்கும் நடுவே இருக்கும் பத்தடி தூரத்தைத் தாண்டவில்லை. என் வாப்பா ஒரு வாக்கியத்தில் சொன்னதை இவர்கள் எண்ணி, அளந்து, உலகம் ஒப்புக்கொள்ளும்படி நிரூபித்திருக்கிறார்கள். அனுபவத்துக்கும் ஆராய்ச்சிக்கும் உள்ள வித்தியாசம் இதுதான். அனுபவம் ஒரு கடையோடு நின்றுவிடுகிறது. ஆராய்ச்சி எல்லாக் கடைக்கும் போகிறது.

ஒரு பெண்ணின் பாதை

அந்தப் பிள்ளை எனக்குக் கொடுத்த புத்தகம் ஸெய்னெப் டோன் எழுதியது. 2014-இல் வந்தது. நல்ல வேலைகள் என்ற உத்தி என்று அதன் பெயரைத் தமிழில் சொல்லலாம். இவர் துருக்கி நாட்டுப் பெண். வாலிபால் விளையாட்டுக்கான உதவித்தொகையில் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்துக்குப் போனவர். அங்கே தொழில்துறைப் பொறியியல் படித்து, பிறகு ஹார்வர்டில் டாக்டர் பட்டம் வாங்கி, அங்கேயே ஆசிரியராக இருந்து, இப்போது எம்.ஐ.டி. என்ற புகழ்பெற்ற நிறுவனத்தில் பேராசிரியராக இருக்கிறார்.

ஆரம்பத்தில் அவருடைய கேள்வி சரக்கைப் பற்றியதுதான். ஏன் பொருள் இடம் மாறிக் கிடக்கிறது? ஏன் கணக்கு தப்புகிறது? இதற்கு விடை தேடிக் கடை கடையாகப் போனார். கடைசியில் வந்து நின்ற இடம் கடையில் வேலை பார்க்கும் ஆள். குறைந்த சம்பளம், ஆள் பற்றாக்குறை, இன்று காலை நாளை மாலை என்று மாறிக்கொண்டே இருக்கும் வேலை நேரம், பயிற்சி கிடையாது. மூன்று மாதத்தில் ஒருவர் போய் இன்னொருவர் வருகிறார். வந்தவருக்கு எந்தச் சரக்கு எங்கே என்று தெரியாது. தெரிந்தவருக்கு அடுக்கி வைக்க நேரம் கிடையாது. சரக்கு கலைகிறது, வியாபாரம் குறைகிறது. வியாபாரம் குறைந்தால் முதலாளி என்ன செய்கிறார்? இன்னும் ஒரு ஆளைக் குறைக்கிறார். செக்கு மாடு மாதிரி அதே வட்டம்.

சம்பளத்தைச் செலவு என்று மட்டும் பார்த்தால் இந்த வட்டத்தை விட்டு வெளியே வர முடியாது என்கிறார் டோன். சும்மா உபதேசமாகச் சொல்லவில்லை. விலையும் குறைவாக, சம்பளமும் நல்லதாக, லாபமும் ஈட்டும் கடைகள் இருக்கின்றனவா என்று தேடினார். ஸ்பெயினில் மெர்கடோனா என்ற சூப்பர் மார்க்கெட், அமெரிக்காவில் காஸ்ட்கோ போன்றவற்றைப் போய்ப் பார்த்தார். அவர்கள் நான்கு காரியம் செய்வதாக எழுதுகிறார்.

ஒன்று, வகைகளைக் குறைப்பது. பெரிய வால்மார்ட் கடையில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பொருட்கள் இருக்கும். காஸ்ட்கோவில் சுமார் 4,000 தான். வகை குறைந்தால் கணக்கு தப்பாது, ஆளுக்குப் பொருள் தெரியும், மொத்தமாக வாங்கும்போது விலையும் குறையும். இரண்டு, அன்றாட வேலைக்கு ஒரே முறையை வகுத்துவிட்டு, வாடிக்கையாளர் விஷயத்தில் முடிவெடுக்கும் பொறுப்பை ஊழியரிடமே விடுவது. மூன்று, ஒரு ஆளுக்குப் பல வேலை பழக்குவது. கூட்டம் இருந்தால் கல்லா, இல்லாவிட்டால் அலமாரி. நான்கு, வேலைக்குத் தேவையானதைவிடச் சற்றே கூடுதலாக ஆள் வைப்பது. அந்தக் கூடுதல் கைதான் குடோனுக்குப் போய்ச் சேமியாப் பெட்டியைக் கண்டெடுக்கும்.

மெர்கடோனா தன் ஊழியர் அனைவரையும் நிரந்தர ஊழியர் ஆக்கியது. 2008-இல் பொருளாதார நெருக்கடி வந்து ஸ்பெயின் தடுமாறியபோது அவர்கள் ஆட்குறைப்பில் இறங்கவில்லை. வீண் செலவு எங்கே என்று கடையில் நிற்பவர்களிடமே கேட்டுக் குறைத்து, விலையை இறக்கினார்கள்.

இதைப் படித்தபோது எனக்கு அந்தப் பிள்ளையின் வாப்பா ஞாபகம் வந்தது. இருபது வருடத்துக்கு மேலாக ஒரே கடையில் நின்று, எந்தப் புடவை எந்தத் தட்டில் இருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லக்கூடிய மனிதர். அவர் மகள் ஆராயப் போன பொருள் தன் வாப்பாவின் உழைப்பு. அதைப் பார்த்துத்தான் நாங்கள் சிரித்தோம்.

பெருநாள் சட்டைக் கணக்கு

இந்தத் துறையில் வேறு என்னென்ன கேள்விகள் உண்டு என்று இரண்டு உதாரணம் சொல்கிறேன். மாணவர்கள் கவனிக்க வேண்டும்.

ஜவுளிக்கடைக்காரர்களுக்கு நோன்பு மாதம் வந்தாலே தூக்கம் போய்விடும். எவ்வளவு வாங்குவது? குறைத்து வாங்கினால் வியாபாரம் போச்சு, கூட்டி வாங்கினால் பணம் முடங்கிப் போச்சு. ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். குழந்தைச் சட்டை ஒன்றை 400 ரூபாய்க்கு வாங்கி 600 ரூபாய்க்கு விற்கிறோம். பெருநாள் முடிந்து மிஞ்சியதை 300 ரூபாய்க்குத் தள்ளுகிறோம். ஒரு சட்டை போதாமல் போனால் கைநழுவுவது 200 ரூபாய். ஒரு சட்டை மிஞ்சினால் நஷ்டம் 100 ரூபாய். இரண்டையும் கூட்டினால் 300. அதில் 200 என்பது மூன்றில் இரண்டு பங்கு. ஆகவே, மூன்று பெருநாளில் இரண்டு பெருநாளைக்குப் போதும் என்கிற அளவுக்கு வாங்கு, மூன்றாவதில் தீர்ந்துபோனால் வருத்தப்படாதே என்கிறது கணக்கு. அதே சட்டையை 450 ரூபாய்க்குத்தான் விற்க முடியும் என்றால், போதாமல் போனால் இழப்பு 50 தான். அப்போது பங்கு மூன்றில் ஒன்றாகிவிடும். கையைச் சுருக்கி வாங்க வேண்டும்.

மதரஸாவில் வாரிசுப் பங்குக் கணக்கு படித்தவன் என்பதால் மூன்றில் இரண்டு, மூன்றில் ஒன்று எனக்குப் பழகியவை. கொள்முதலிலும் அதே பின்னங்கள் வந்து நிற்கும் என்று ஐம்பது வயதுக்குப் பிறகுதான் தெரிந்தது.

எத்தனை விற்கும் என்பதை முன்கூட்டிக் கணிப்பது எப்படி? அமெரிக்காவில் பனிச்சறுக்கு உடைகள் விற்கும் ஒபர்மேயர் என்ற கம்பெனிக்கு இதே தலைவலி இருந்தது. குளிர்காலத்தில் விற்கும் உடையை மாதக்கணக்கில் முன்னதாகவே ஹாங்காங்கிலும் சீனாவிலும் தைக்கக் கொடுக்க வேண்டும். மார்ஷல் ஃபிஷர், ராமன் ஆகிய பேராசிரியர்கள் ஒரு வழி சொன்னார்கள். கம்பெனியில் கொள்முதல் தெரிந்தவர்கள் எல்லோரும் கூடி ஒரே எண்ணைச் சொல்வதற்குப் பதில், தனித்தனியாக எழுதிக் கொடுக்கட்டும். எந்த மாடலுக்கு எல்லோரும் ஏறக்குறைய ஒரே எண்ணைச் சொல்கிறார்களோ அதை முதலில் தைக்கக் கொடு. எதில் ஒருவருக்கொருவர் பெரிய வித்தியாசம் இருக்கிறதோ அதை நிறுத்தி வை; கடைக்காரர்களின் முதல் ஆர்டர்கள் வந்ததும் முடிவு செய். முதல் 20 சதவீத ஆர்டரைப் பார்த்த பிறகு கணிப்பு வெகுவாகத் திருந்தியது. 1994-இல் இது கட்டுரையாக வெளிவந்தது. நம் ஊர் ஜவுளிக்கடையில் அண்ணன் தம்பி மூன்று பேர் இருந்தால், அடுத்த பெருநாளைக்கே இதைச் செய்து பார்க்கலாம். ஒரு தாளும் ஒரு பேனாவும் போதும்.

இரண்டாவது உதாரணம். சாட்டையின் கைப்பிடியைக் கொஞ்சம் அசைத்தால் நுனி எவ்வளவு தூரம் போகிறது? சரக்கு ஆர்டரும் அப்படித்தான். குழந்தைகளின் டயாபர் தேவை வாரத்துக்கு வாரம் பெரிதாக மாறாது. ஆனால் அதைத் தயாரிக்கும் பி அண்ட் ஜி கம்பெனிக்கு வந்த ஆர்டர்கள் ஏறி ஏறி இறங்கின. அந்தக் கம்பெனி தன் மூலப்பொருளுக்குப் போட்ட ஆர்டர் இன்னும் அதிகமாக ஆடியது. ஹாவ் லீ, பத்மநாபன், வாங் என்ற மூன்று ஆய்வாளர்கள் 1997-இல் இதன் காரணங்களை எழுதினார்கள். ஒவ்வொருவரும் கீழே இருப்பவரின் ஆர்டரைப் பார்த்தே அடுத்த மாதத் தேவையைக் கணிப்பது, மொத்தமாகச் சேர்த்து ஆர்டர் போடுவது, தள்ளுபடி வரும்போது அள்ளி வைத்துக்கொள்வது, தட்டுப்பாடு என்று கேள்விப்பட்டால் பத்து மூட்டை வேண்டிய இடத்தில் இருபது சொல்வது. நாம் எல்லோரும் செய்வதுதான். தட்டுப்பாடு என்ற வதந்தியை நம்பி நாம் கூட்டிப் போடும் ஆர்டரே உண்மையான தட்டுப்பாட்டை உண்டாக்குகிறது. அதன் சுமை கடைசியில் ஏழையின் தலையில்தான் விழுகிறது.

இந்தப் படிப்புக்கு வழி

இனி மாணவர்களுக்கு நடைமுறையைச் சொல்கிறேன். இத்துறைக்கு அடித்தளம் கணிதமும் புள்ளியியலும். பொறியியல், கணிதம், புள்ளியியல், பொருளியல், கணிதத்தோடு கூடிய வணிகவியல் எதைப் படித்தவரும் வரலாம். பட்டப்படிப்புக்கும் மேற்படிப்புக்கும் பிறகு பி.எச்.டி. நான்கைந்து வருடம். முதல் இரண்டு வருடம் வகுப்பும் தேர்வும். பிறகு ஒரு கேள்வியை எடுத்துக்கொண்டு கடைகளின் தரவைத் திரட்டி ஆராய வேண்டும்.

நம் நாட்டில் ஐ.ஐ.எம். நிறுவனங்களில் இதற்கான முனைவர் படிப்பு இருக்கிறது. திருச்சியிலேயே ஐ.ஐ.எம். உண்டு. மும்பையில் நைட்டி என்று இருந்த நிறுவனம் 2023-இல் ஐ.ஐ.எம். மும்பை ஆனது, தொழில், விநியோகம் தொடர்பான படிப்புகளுக்குப் பெயர் பெற்ற இடம். சென்னை ஐ.ஐ.டி.யிலும் மேலாண்மைத் துறை இருக்கிறது. ஐ.ஐ.எம்.களில் முனைவர் மாணவரிடம் பொதுவாகக் கல்விக் கட்டணம் வாங்குவதில்லை. மாத உதவித்தொகை கொடுக்கிறார்கள். அமெரிக்காவின் நல்ல பல்கலைக்கழகங்களிலும் பெரும்பாலும் அப்படித்தான். பெற்றோர்கள் இதை மனத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும். எம்.பி.ஏ.வுக்கு லட்சக்கணக்கில் கட்டுகிறோம். பி.எச்.டி.க்கு அவர்களே பணம் தருகிறார்கள். திறமை இருந்தால் போதும்.

இன்னொரு வழி யு.ஜி.சி. நெட் தேர்வு. மேலாண்மைப் பாடத்தில் எழுதி ஜே.ஆர்.எஃப். தகுதி பெற்றால் முதல் இரண்டு வருடம் மாதம் 37,000 ரூபாய், பிறகு 42,000 ரூபாய் என்று 2023 முதல் உயர்த்தியிருக்கிறார்கள். ஜே.ஆர்.எஃப்.க்குப் பொதுவான வயது வரம்பு 30. பெண்களுக்கும் மத்திய அரசின் ஓ.பி.சி. பட்டியலில் இருப்பவர்களுக்கும் 5 வருடம் சலுகை உண்டு. ஓ.பி.சி. சலுகைக்குக் கிரீமிலேயர் இல்லை என்ற சான்றிதழ் கேட்பார்கள். கடைசி நாளில் தாலுகா அலுவலகத்துக்கு ஓடாமல் முன்பே வாங்கி வையுங்கள்.

சிறுபான்மை ஆய்வு மாணவர்களுக்கென்று 2009 முதல் இருந்த மௌலானா ஆசாத் தேசிய உதவித்தொகை 2022-23-இலிருந்து நிறுத்தப்பட்டுவிட்டது. அதை நம்பி இருந்த குடும்பங்களுக்கு அது பெரிய அடி. ஆகவே இனி நெட் தேர்வுக்கான தயாரிப்பும், அதுவரை கைகொடுக்கும் நம்மைப் போன்ற அமைப்புகளும் முன்பைவிட முக்கியம்.

கஷ்டத்தையும் மறைக்கக்கூடாது. ஆறேழு வருடம் கூடப் படிக்கும் தோழர்கள் சம்பாதிக்கப் போயிருப்பார்கள். ஆய்வு மாணவர் உதவித்தொகையில் ஓட்டுவார். கட்டுரையைப் பத்திரிகைக்கு அனுப்பினால் பெயர் தெரியாத அறிஞர்கள் இரண்டு மூன்று பேர் படித்துக் குறை சொல்வார்கள். திருத்தி அனுப்பி, மறுபடி திருத்தி, இரண்டு மூன்று வருடம் ஆகும். நிராகரிக்கப்படுவதும் சாதாரணம். பெரிய நிறுவனத்தில் ஆசிரியர் இடம் கிடைக்கும் என்ற உத்தரவாதமும் இல்லை. ஆனால் இந்தப் படிப்பு வீணாகப் போவதில்லை. பெரிய கடை நிறுவனங்கள், ஆன்லைன் வியாபாரக் கம்பெனிகள், கப்பல், கிடங்கு நிறுவனங்கள் எல்லாவற்றுக்கும் தேவையைக் கணிக்கத் தெரிந்தவர்கள் வேண்டும்.

பெண்பிள்ளையின் தாய்மார்கள் மனத்தில் ஒரு கேள்வி ஓடும். முப்பது வயதுவரை படித்தால் கல்யாணம்? அந்தப் பிள்ளையின் உம்மாவும் என்னிடம் இதைத்தான் கேட்டார்கள். என்னிடம் எல்லோருக்கும் பொருந்தும் பதில் இல்லை. ஒன்று மட்டும் சொன்னேன். "படிப்பை நிறுத்தினால் வரன் வரும் என்பதற்கும் உத்தரவாதம் இல்லை, ராத்தா. கையில் இருக்கும் இடத்தை விட்டுவிடாதீர்கள்." இன்று அவள் மூன்றாம் வருடத்தில் இருக்கிறாள். சிறு ஜவுளிக் கடைகளில் சரக்கு எப்படித் தேங்குகிறது என்பது அவள் எடுத்திருக்கும் தலைப்பு. அலமாரியை எப்படி அடுக்குவது என்று முதலில் சொல்லிக் கொடுத்தவர் அவள் வாப்பா.

நாம் செய்ய வேண்டியது

கடைக்காரச் சகோதரர்களுக்கு இரண்டு வேண்டுகோள். உங்கள் கடையில் ஏதாவது பத்துப் பொருளை எடுத்துக்கொள்ளுங்கள். நோட்டில் எத்தனை, அலமாரியில் எத்தனை என்று மாதம் ஒருமுறை எண்ணிப் பாருங்கள். தப்பு எங்கே வருகிறது என்று தெரிந்தால், ஆளைத் திட்டும் முன்பு முறையைத் திருத்துங்கள். அடுத்தது, ஆய்வு மாணவர் யாராவது கடைக் கணக்கைப் பார்க்கக் கேட்டால் கதவை அடைக்காதீர்கள். பெயரை வெளியிடாமல்தான் எழுதுவார்கள். அமெரிக்கக் கடைகள் திறந்து காட்டியதால்தான் அமெரிக்கக் கடைகளைப் பற்றிப் புத்தகம் வந்தது. நம் கடைகளைப் பற்றி எழுத வேண்டுமானால் நாம்தான் திறக்க வேண்டும்.

பெற்றோர்களே, பிளஸ் டூ முடித்த பையனைக் கடையில் உட்கார வைப்பதைத் தவறென்று சொல்ல மாட்டேன். நானும் அப்படி உட்கார்ந்தவன்தான். ஆனால் கடையா, படிப்பா என்று இரண்டில் ஒன்றைக் கேட்காதீர்கள். கடையில் நின்ற பிள்ளைக்கு, நிற்காத பிள்ளைக்குத் தெரியாத கேள்விகள் தெரியும். கணக்கும் ஆங்கிலமும் மட்டும் சேர்ந்துவிட்டால் அந்தக் கேள்விகளே அவனைப் பேராசிரியராக்கும்.

மாணவர்களே, வாப்பா கடையில் வேலை செய்கிறார் என்று சொல்லக் கூச்சப்படாதீர்கள். இந்த விடுமுறையில் ஒரு வாரம் அவர் கூடப் போய் நில்லுங்கள். எந்தப் பொருள் கேட்டு எத்தனை பேர் திரும்பிப் போகிறார்கள் என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். உங்கள் முதல் ஆய்வு அதுதான்.

கடைசியாக அறக்கட்டளையின் பக்கம். நான்கு படிப்புகள் என்ற பழைய விதியைக் கல்விக் குழு எடுத்துவிட்டது. எந்தத் துறையாக இருந்தாலும், இடம் கிடைத்ததற்கான கடிதம் இருந்தால் விண்ணப்பத்தை ஏற்றுக்கொள்வோம். வந்த 15 நாட்களுக்குள் ஆம் அல்லது இல்லை என்று எழுத்தில் பதில் கொடுப்போம். ஆய்வுப் படிப்பில் சேருபவர்களுக்கு முதல் சில மாதச் செலவுக்கு வட்டியில்லாக் கடன் தர தனி நிதி ஒதுக்கியிருக்கிறோம். படிப்பின் பெயர் எங்களுக்குப் புரியாவிட்டால் விண்ணப்பித்தவரை உட்காரச் சொல்லி விளக்கம் கேட்போம். சிரிக்க மாட்டோம்.

அந்தச் சகோதரரும் இங்கே பின்வரிசையில் உட்கார்ந்திருக்கிறார்கள். உங்கள் மகளுடைய ஒரு வருடத்தை எங்களால் திருப்பித் தர முடியாது, பாய். அது இன்னொரு பிள்ளைக்கு நடக்காமல் பார்த்துக்கொள்வோம், இன்ஷா அல்லாஹ்.